வெயிலில் பெயர் வைத்த ரோஜா

செடி நர்சரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி சம்பத் சார் போன் செய்தார். "நல்ல வார்த்தையா நாலு எழுது, தனம்" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். அவரிடம் பார்த்த வேலையிலிருந்து என் கைக்கும் காலுக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. வாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். விதையிலிருந்து வந்த ரோஜாச் செடியில் முதல் பூ வந்ததும் பல்லை இளித்துக்கொண்டு நிற்காதீர்கள். செல்போனை எடுக்காதீர்கள். முக்கியமாக, அதற்குப் பெயர் வைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லி முடிக்கும்போது நானே இதை மாற்றிச் சொல்ல வேண்டி வரும், அது வேறு கதை.

நீங்கள் தினமும் விற்கிற செடிகள் எல்லாம் ஒட்டுச் செடிகள். ஓசூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்து ஸ்ரீரங்கத்தில் இறங்குகின்றன. அட்டையில் என்ன படமோ அந்தப் பூ. அதற்கு மூளை வேண்டாம், தண்ணீர் ஊற்ற ஒரு கை போதும். விதைச் செடி அப்படி இல்லை. பூ உதிர்ந்த பிறகு கிளையை வெட்டாமல் விட்டால் ரோஜாவிலும் காய் பிடிக்கும், சின்ன நெல்லிக்காய் மாதிரி. பழுத்ததும் உள்ளே இருக்கிற விதையை எடுத்துப் போட்டால், வருகிற செடி தாய் மாதிரியும் இருக்காது, தகப்பன் மாதிரியும் இருக்காது. முதல் வருஷம் பூத்த மாதிரி மூன்றாம் வருஷம் பூக்காது. இதழ் கூடும், நிறம் ஏறும், இல்லாத வாசனை திடீரென்று வந்து உட்காரும். "இதுல என்னடி லாபம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அரியமங்கலம் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். ஒரே போல்ட்டை ஒரே மாதிரி ஆயிரம் தடவை போட்டால்தான் அவருக்கு நிம்மதி. எனக்கு அது ஜெயில்.

ரோஜா விதை கொஞ்ச நாள் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். திருச்சியில் குளிருக்கு நான் எங்கே போவேன்? ஆபீஸ் ரூமில் முதலாளி தயிர்சாதம் வைக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. ஈரத் துணியில் விதையைச் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, தயிர்சாதத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மார்கழியில் ஒரு நாள் முதலாளியின் சம்சாரம், கோயிலுக்குப் போகிற வழியில் உள்ளே வந்தவர், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். டப்பாவில் லேசாகப் பூசணம் பிடித்திருந்தது.

"இந்த மனுஷர் எந்தக் காலத்துப் புளிக்காய்ச்சலை வெச்சுண்டிருக்கார் பாரேன்!" என்று சொல்லி, நேரே உரக்குழியில் கொட்டிவிட்டு, டப்பாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளியோ, "அவ கொட்டினதே நல்லதாப் போச்சு, நான் ஒரு நாள் சாதத்துல பிசைஞ்சிருப்பேன்" என்றார்.

மாசியில் உரக்குழி ஓரத்தில், ஒரு பூசணிக் கொடிக்கு அடியில், ஒரே ஒரு ரோஜா நாற்று எட்டிப் பார்த்தது. எந்தப் பழத்து விதை, எந்தச் செடியின் பிள்ளை, ஒன்றும் தெரியாது. கரண்டியால் மண்ணோடு அள்ளித் தொட்டிக்கு மாற்றினேன். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில், ஊரே வேகிற நேரத்தில், அது முதல் பூ பூத்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இதழ்கள், அதுவும் நாலைந்துதான். நிறம் மட்டும் சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளை.

அந்த நேரம் பார்த்தா முதலாளியின் டீச்சர் ரிட்டயர் ஆக வேண்டும்?

டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமலோற்பவ மேரி டீச்சர். தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். ஆக இருந்தவர். சம்பத் சார் சின்ன வயதில் அவரிடம் படித்தவர். சாருக்கு இன்று தலையில் முடி இல்லை, பேத்தி இருக்கிறாள். ஆனாலும் டீச்சர் போனில் வந்தால் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டுதான் பேசுவார். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம்தான் வீடு, வாசல் எல்லாம். அப்படிப்பட்டவர் ஓய்வு பெறும்போது என்ன கொடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்த முதலாளி, தொட்டியைப் பார்த்தார். வெள்ளைப் பூவைப் பார்த்தார்.

"தனம்! அமலோற்பவம்னா மாசில்லாத பிறப்புன்னு அர்த்தம். இது வெள்ளை வெளேர்னு பிறந்திருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்லாத செடி. டீச்சர் பேரை வெச்சுடலாம். பெருமாள் செயல்!"

"பெருமாள் செயல் இல்லை சார், வெயில் செயல்" என்றேன். "எங்க வீட்டுக்காரர் பட்டறைக்குப் போட்டுட்டுப் போற நீலச் சட்டையே இந்த வெயில்ல வெளுத்துப் போச்சு. குழந்தைப் பூ சார் இது. ரெண்டு மார்கழி தாண்டட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்."

"நல்ல காரியத்துக்கு நடுவுல அபசகுனமா பேசாதே."

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. 'அமலோற்பவம் வெள்ளை' என்று பித்தளைத் தகட்டில் பொறித்துத் தொட்டியில் தொங்கவிட்டிருந்தார் முதலாளி. எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அன்றைக்கு என் செடிதான். டீச்சர் மைக்கைப் பிடித்து, "எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. எனக்குப் பின்னாடி என் பேர் சொல்ல ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். மற்றவர்கள் சந்தோஷத்தில் அழுதார்கள், நான் பயத்தில் அழுதேன்.

செடியை வீட்டு மாடியில் வைத்துச் சாகடித்துவிடுவேன் என்று டீச்சர் அதை எங்களிடமே விட்டுவிட்டார். வருஷம் ஒரு முறை, டிசம்பரில் அமலோற்பவ மாதா திருநாள் அன்று, சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்து பார்ப்பதாகச் சொன்னார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். வெயிலில் பெயர் வைத்துவிட்டுக் குளிரில் காட்டப் போகிறோம். ரோஜாவுக்கு நிறம் ஏறுவதே குளிரில்தான்.

முதல் டிசம்பர் மழை காப்பாற்றியது. மொட்டெல்லாம் அழுகிக் கொட்டிவிட்டது. டீச்சர் குடையோடு வந்து இலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டாம் டிசம்பரில் செடியைத் தரையில் நட்டிருந்தோம். டீச்சரின் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பூ பெரிதாகி, நடுவில் லேசாக ஒரு ரோஸ் நிறம் தெரிந்தது.

"என்ன சம்பத்து, நடுவுல சிவக்குது?"

"உங்களைப் பார்த்து வெட்கப்படறது டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். முதலாளிக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாம் டிசம்பரில்தான் வந்தது வினை. அந்த வருஷம் டீச்சர் தனியாக வரப் போவதில்லை, பழைய மாணவிகள் ஒரு வேன் நிறைய வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கூட வருகிறார்கள், வெள்ளை ரோஜாவோடு போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. திருநாளுக்கு முந்தைய நாள் காலை முதலாளி செடியைப் பார்க்க வந்தார். நான் இரண்டு நாளாக அவரை அந்தப் பக்கம் வரவிடாமல் ஏதேதோ வேலை சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"தனம்! என்ன கண்றாவி இது?"

கண்றாவியா? என் சர்வீஸில் அப்படி ஒரு பூவை நான் பார்த்ததில்லை. இதழ் மேல் இதழாக அடுக்கி, நடுவில் பாலாடை நிறம், அங்கிருந்து ரோஸ் ஏறி, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. வாசனை கேட் வரைக்கும் வந்தது. முந்தின வருஷம் அதற்கு வாசனையே கிடையாது. உரக்குழியில் பிறந்ததுக்கு வந்த வாழ்வைப் பார் என்று அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

"பிடுங்கிப் போட்டுடு" என்றார் முதலாளி. "ஓசூர்லேர்ந்து வந்த வெள்ளை ஒண்ணை இந்த இடத்துல நட்டு, தகட்டை மாட்டு. டீச்சர் மேடையில அழுதது நினைவிருக்கோல்லியோ? அவா பேருக்கு மாசு வந்துடப்படாது."

"மாட்டேன்."

"நான் முதலாளியா, நீ முதலாளியா?"

"சம்பளம் நீங்க குடுக்கறீங்க. செடிய நான் குடுத்தேன்."

"சாயங்காலத்துக்குள்ள அது இங்க இருக்கப்படாது. இருந்தா நானே மண்வெட்டி எடுத்துடுவேன்."

அவர் மண்வெட்டி எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேரை நறுக்கிப் போட்டுவிடுவார். அதனால் நானே சுற்றிலும் தோண்டி, வேரோடு மண்ணோடு ஒரு சாக்கில் தூக்கி வைத்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிழலில் ஒளித்துவிட்டு, "பிடுங்கிட்டேன் சார்" என்று போய்ச் சொன்னேன். பொய் இல்லையே. ஆனால் பூத்து நிற்கிற செடியை இப்படிக் கிளப்பினால் பிழைப்பது சந்தேகம். சீக்கிரம் மண்ணுக்குள் போகாவிட்டால் அவ்வளவுதான்.

மறுநாள் வேன் வந்தது. எல்லோரும் வெள்ளைப் புடவை. டீச்சர் முன்னால் இறங்கினார். டை அடிப்பதை விட்டுவிட்டிருந்தார், தலை பஞ்சு மாதிரி நரைத்திருந்தது. முதலாளி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டாத குறையாக, "வாங்கோ டீச்சர், வாங்கோ, பாருங்கோ, வெள்ளை வெளேர்னு" என்று முன்னால் ஓடினார்.

ஓசூர் வெள்ளை தகட்டை மாட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்ட திருடன் மாதிரி நின்றது. டீச்சர் குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சம்பத்து. போன வருஷம் இது என் இடுப்புக்கு இருந்துச்சு."

"கவாத்து பண்ணினோம் டீச்சர். கிளையை வெட்டிவிட்டா நன்னா வரும்."

"இப்ப முழங்காலுக்கு இருக்கு. ஃபெயிலாகி அதே வகுப்புல உக்காந்தவன்கூட உயரத்துல குறைஞ்சு நான் பார்த்ததில்லையே."

மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா தனம், இதுதானா அது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். டீச்சரின் முதுகுக்குப் பின்னால் முதலாளி இரண்டு கையையும் கூப்பி, கண்ணாலேயே என்னிடம் கெஞ்சுகிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மானம் பிழைக்கும், டீச்சர் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார், செடி சாக்கிலேயே செத்துப் போகும். இல்லை என்று சொன்னால், ஒரு வேன் ஆட்களுக்கு முன்னால், டீச்சர் பெயர் சொல்ல இருந்த ஒன்றும் பொய் என்றாகிவிடும். கேட்காமலே பேசுகிற என் வாய், கேட்ட அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. நான் தகட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலைப் பிரேயர் குரலில், செடியைப் பார்த்து வருகைப் பதிவு எடுத்தார்.

"அமலோற்பவம்!"

வேனில் வந்த அத்தனை பேரும், டாக்டர் வக்கீல் எல்லாம், சட்டென்று நேராக நின்றார்கள். ஓசூர்ச் செடி பேசாமல் இருந்தது.

"அமலோற்பவம்!"

என் கால் தானாகக் கிளம்பிவிட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடி, சாக்கை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். முள் கன்னத்தில் கிழித்தது. டீச்சருக்கு முன்னால் வந்து, செடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றேன்.

வாசனைதான் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "அடேயப்பா" என்று யாரோ சொன்னது கேட்டது.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?" என்று டீச்சர் கேட்டார். என்னை இல்லை, செடியை.

"மோட்டார் ரூம் பின்னால டீச்சர்" என்று செடிக்காக நான் சொன்னேன்.

"யார் அனுப்பினது?"

முதலாளி மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார்.

"அஞ்சாம் வகுப்புல, சினிமாவுக்குப் போனவனுக்காக உள்ளேன் டீச்சர்னு குரல் கொடுத்து மாட்டுனது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"இன்னும் திருந்தலையா நீ?"

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாசில்லாத பேருன்னு வெள்ளைக்கு வெச்சேன் டீச்சர். இது இப்படி நிறம் மாறிப் போய் நிக்கறது. உங்களுக்கு எப்படிக் காட்டுவேன்? ஊரே சிரிக்காதா?"

டீச்சர் பூவைத் தொட்டார். ஒரு இதழைப் புரட்டிப் பார்த்தார். "அன்னிக்கு மேடையில என் தலை எப்படி இருந்துச்சு?"

"கருப்பா இருந்தது டீச்சர்."

"டை. இப்ப பாரு. எனக்குச் சாயம் இறங்குது, இவளுக்கு ஏறுது. இதுக்குப் போயி ஆள்மாறாட்டம் பண்ணுவியா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய்தான் அப்போது பார்த்துத் திறந்துகொண்டது. "நான் அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன் டீச்சர். ரெண்டு மூணு வருஷம் எப்படி வருதுன்னு பார்த்துட்டுத்தான் பேர் வைக்கணும்னு."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "உம் முழுப்பேர் என்னம்மா?"

"தனலட்சுமி டீச்சர்."

"உனக்கு எப்படி வருதுன்னு பார்த்துட்டா வெச்சாங்க? தனம் வந்துச்சா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலாளிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், பாவி மனுஷர். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பூவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "எனக்கும் பச்சைப் புள்ளையா இருக்கறப்ப வெச்ச பேர்தான். மாசில்லாதவள்னு. அதுக்கப்புறம் எத்தனை புள்ளைங்கள அடிச்சிருக்கேன், எத்தனை பேரை அநியாயமா வெளிய நிக்க வெச்சிருக்கேன். அதுக்காக என் பேரை யாரும் பிடுங்கிக்கலையே. இவகிட்ட மட்டும் எதுக்குப் பிடுங்கணும்?"

அப்புறம் அவரே, "மொதல்ல மண்ணுல வைங்க, வாடுது" என்று அதட்டினார்.

முதலாளி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குழி தோண்டினார். டீச்சர் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, "ஆழம் பத்தாது, இன்னும் தோண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செடி அந்த வாரமே இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. தினமும் காலையில் முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் நேரே அதனிடம்தான் ஓடுவேன். தை கடைசியில் அடிக்கணுவில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கோயிலில் வரிசையில் நின்றபடி அங்கேயே ஓ என்று கத்தியதாக அவர் சம்சாரம் சொன்னார்.

அந்தத் தகடு இப்போதும் இருக்கிறது. 'வெள்ளை' என்ற வார்த்தையை மட்டும் அரத்தால் ராவச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நீங்களும் விதைச் செடிக்குப் பெயர் வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள், முதல் பூவிலேயே வைத்தாலும் நான் கேட்க மாட்டேன். நிறத்தை மட்டும் தகட்டில் பொறிக்காதீர்கள்.

ஒவ்வொரு டிசம்பரும் டீச்சர் வருகிறார். வந்ததும் வருகைப் பதிவு எடுப்பார், செடிக்குப் பின்னால் நின்று நான் உள்ளேன் சொல்வேன். போன வருஷம் பழைய மாணவி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் நன்றாக மங்கிவிட்டது. "இந்த வருஷம் என்ன கலரு?" என்று கேட்டார். முதலாளி ஆசையாக, "வெள்ளை வெளேர்னு" என்று ஆரம்பித்தார்.

"சம்பத்து, உன்னைக் கேக்கல. தனம், நீ சொல்லு."

"ஓரம் சிவப்பு டீச்சர். நடுவுல புதுசா மஞ்சள் தட்டியிருக்கு."

"மஞ்சளா!" என்றார் டீச்சர். கடைசி பெஞ்சுப் பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. "என்னைவிட நல்லா வயசாகுது இவளுக்கு."

இந்த டிசம்பரில் நான் இருக்க மாட்டேன். சென்னையில் மகளுக்குப் பிரசவம். பிறக்கப் போவதற்கு இப்போதே ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன், எப்படி வருகிறது என்று பார்க்கப் போவதில்லை. அதனால் உங்களில் ஒருவர்தான் செடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். டீச்சர் நிறம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பெயரைக் கூப்பிட்டால் சத்தமாகக் குரல் கொடுங்கள். அவருக்கு இப்போது காதும் கொஞ்சம் மந்தம்.